இடது கையை நீட்டினேன்

எனக்கு வந்தது மார்புப் புற்றுநோய். முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் ஏழு மாதம் எங்கள் வீட்டில் அதற்குக் கஸ்ரிக் என்று பெயர். வயிற்றுப் புண், வாயுத் தொல்லை என்று எங்கள் ஆட்கள் சொல்வார்களே, அந்தக் கஸ்ரிக். பெயர் வைத்தவர் என் கணவர். ஆனால் அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான்தான். ஆகவே இதில் எனக்கு அருவருப்புத் தந்தவர்களின் பட்டியலில் என்னையும் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒஸ்லோவின் கிழக்கே, அம்மருட் மாடிக் குடியிருப்பு ஒன்றின் ஏழாவது தளத்தில் இருக்கிறோம். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். கணவர் பேருந்து ஓட்டுகிறார். ஒரே மகள் ஆரணிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, படித்துக்கொண்டிருந்தாள். ஊரில், இலங்கையில், சமாதானம் முறிந்து மறுபடி சண்டை தொடங்கிய வருடம் அது. எந்த வீட்டுக்குப் போனாலும் தொலைக்காட்சியில் செய்திதான். அந்த நேரத்தில் எனக்கு ஒரு கட்டி வந்ததைப் பெரிதாகச் சொல்லவே கூச்சமாக இருந்தது. குளிக்கும்போது இடது மார்பில் விரலுக்குத் தட்டுப்பட்டதை ஆறு வாரம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். நினைக்காமல் இருப்பதுதான் அந்த ஆறு வாரமும் நான் செய்த வைத்தியம்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குடும்ப வைத்தியர் தொட்டுப் பார்த்த மறுகிழமையே பெரிய மருத்துவமனைக்கு அழைப்பு வந்தது. மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து நசுக்கிப் படம் எடுத்தார்கள். ஒரு தடித்த ஊசியை உள்ளே விட்டுச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். எடுக்கும்போது காகிதத்துக்கு ஓட்டை போடும் கருவியின் சத்தம் வந்தது. காத்திருக்கும் அறையில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. இந்த நாட்டில் அதுதான் மரியாதை. எங்களில் ஒருத்தி பக்கத்தில் இருந்திருந்தால், என்ன வருத்தம், எத்தனை பிள்ளைகள், எந்த ஊர் என்று கேட்டிருப்பாள். நானும் மூன்றில் ஒன்றுக்குப் பொய் சொல்லியிருப்பேன்.

முடிவு சொல்லும் நாளில் எனக்காக மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தொலைபேசியில் வைத்திருந்தார்கள். வைத்தியர் மேசையில் ஒலிபெருக்கியை அழுத்தியதும் "வணக்கம்" என்று ஒரு குரல் வந்தது. அந்த ஒரு வணக்கத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டேன். கோவில் திருவிழாவில் வாகனங்களை ஒழுங்காக நிறுத்தச் சொல்லி ஒலிவாங்கியில் அறிவிப்பவர் அவர். அவருடைய மனைவியோடு நான் பூமாலை கட்டியிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் எதையும் வெளியே சொல்லக் கூடாது, அதற்குச் சட்டம் இருக்கிறது என்று வைத்தியர் சொன்னார். சட்டம் இருக்கட்டும், இனிமேல் திருவிழாவில் அந்த மனிதரின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? எனக்கு நொர்வேஜிய மொழி நன்றாக விளங்கும், அவர் வேண்டாம் என்று சொல்லித் தொலைபேசியை வைக்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சமையலறை நொர்வேஜிய மொழி. உருளைக்கிழங்கு, தட்டு, சூடு, நன்றி. வைத்தியர் இருபது நிமிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். எனக்குப் பிடிபட்டது ஒரு சொல்தான், அது புற்றுநோய்.

அன்றிலிருந்து ஆரணிதான் எனக்கு மொழிபெயர்ப்பாளர். தாயின் மார்பை எப்போது வெட்டப் போகிறார்கள் என்று மகளே தாய்க்கு மொழிபெயர்த்தாள். அவளுடைய குரல் ஒருமுறையும் நடுங்கவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டவில்லை.

அவளோடு மறுபடி வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, மருத்துவமனை வாகனத் தரிப்பிடத்தில் கணவர் வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். ஆரணி நிறுத்தக் கட்டணம் கட்டப் போயிருந்தாள். அவர் சொன்ன முதல் வார்த்தை இது.

"ஆருக்கும் சொல்லவேண்டாம். நாளைக்கு இவளுக்கு ஒரு சம்பந்தம் பேசேக்கை, தாய்க்கு இந்த வருத்தம் எண்டா பிள்ளைக்கும் வருமெண்டுதான் கதைப்பினம்."

அவரைத் திட்டி எழுதலாம், வாசிக்கிறவர்களுக்கும் அது பிடிக்கும். ஆனால் அவர் சொல்லாவிட்டால் அடுத்த நிமிடம் நானே அதைச் சொல்லியிருப்பேன். "கஸ்ரிக் எண்டு சொல்லுவம்" என்றார். நான் ஓம் என்றேன். ஆரணி திரும்பி வந்தபோது விஷயம் முடிந்துவிட்டது.

மார்பை முழுதாக எடுத்தார்கள். அதோடு இடது கக்கத்திலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். கணுக்கள் என்பவை பயறளவு முடிச்சுகள். கையில் ஊறும் நீரை வடித்து உடம்புக்குள் திருப்பி அனுப்புவதும், காயத்தால் வரும் கிருமியைத் தடுப்பதும் அவற்றின் வேலை. அவை போனால் அந்தக் கைக்குக் காவல் இல்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் தாதி என் இடது கையைப் பிடித்துக்கொண்டு ஆரணி வழியாகச் சொன்னாள்: வாழ்நாள் முழுக்க இந்தக் கையில் இரத்தம் எடுக்க விடாதே, இரத்த அழுத்தம் பார்க்க விடாதே, ஊசி எதுவும் குத்த விடாதே. திருப்பிச் சொல் என்றாள். நான் திருப்பிச் சொன்னேன். விளங்கவில்லை என்று பிறகு சாட்டுச் சொல்ல எனக்கு வழியே இல்லை.

அதன் பிறகு கீமோ. மூன்று கிழமைக்கு ஒருமுறை, ஆறு தடவை. முதல் போத்தலில் வரும் மருந்து செம்பருத்தித் தண்ணீர் போலச் சிவப்பு, சிறுநீரும் சிவப்பாகப் போகும். புற்றுநோய்க் கலங்களைக் கொல்ல வந்த மருந்து, வேகமாக வளரும் எல்லாவற்றையும் கொல்லும் என்று சொன்னார்கள். மயிர், வாயின் உள்தோல், குடலின் உள்தோல், இரத்தத்தின் வெள்ளை அணுக்கள். எனக்கு மயிர் போனது பெரிய கவலையாக இல்லை. மணம்தான் என்னைக் கொன்றது.

முதலில் கறித்தூளின் மணம் எதிரியானது. பிறகு சோறு கொதிக்கும் மணம். பிறகு சவர்க்காரம், கணவரின் சேட்டு, குளிரூட்டிக் கதவு, மழை நனைந்த கம்பளி, மின்தூக்கிக்குள் யாரோ விட்டுப்போன வாசனைத் திரவியம். மருத்துவமனையில் மதியத்துக்கு வெள்ளைச் சாற்றில் மிதக்கும் மீன் உருண்டை வரும். மூடியைத் திறக்கும் சத்தத்துக்கே என் வாயில் நீர் ஊறி, வயிறு மேலே வரும். வாந்திக்குத் தரும் சாம்பல் நிறக் காகித அட்டைக் கிண்ணத்துக்கும் ஒரு மணம் உண்டு, ஈரக் கடதாசி மணம். அந்தக் கிண்ணத்தைக் கண்டாலே வாந்தி வந்தது. வாந்திக்கான பாத்திரமே வாந்தியைக் கொண்டுவந்தால் மனுஷி எங்கே போவது? என் உடம்பே எனக்கு நாறியது. வியர்வையில் இரும்பு மணம் வந்தது. இதையெல்லாம் நாகரிகமாக எழுத முடியாது, எழுதவும் விருப்பமில்லை.

கணவர் வெங்காயம் தாளிப்பதற்கு மின்னடுப்பைப் பலகணிக்குக் கொண்டுபோனார். கதவை இறுகச் சாத்திவிட்டு, குளிருக்கு ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வெளியே நின்று கறி சமைத்தார். மேல் வீட்டுக்காரி கடிதம் போட்டாள். அவர் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து மறுநாளும் அங்கேதான் சமைத்தார். என் தலையை மழித்ததும் அவர்தான். காதுக்குப் பின்னால் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு மழித்தார். பொய்யும் இந்த அன்பும் ஒரே மனிதனிடம்தான் இருந்தன. எனக்கு அதை இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கஸ்ரிக்காரியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வராமல் விடுவார்களா? வந்தவர்கள் எல்லோரும் வைத்தியர்கள். நேரத்துக்குச் சாப்பிட்டிருந்தால் இது வந்திருக்காது என்றாள் ஒருத்தி. உறைப்பை அள்ளிப் போட்டுத் தின்றதன் பலன் என்றாள் இன்னொருத்தி, நான் உறைப்பே தின்னாதவள் என்று தெரிந்தும். வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், மோர், கற்றாழைச் சோறு என்று போத்தல் போத்தலாக வந்தது. நான் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, இல்லாத மார்பின் இடத்தில் பஞ்சுப் பொதியை வைத்துக்கொண்டு, வெந்தயத் தண்ணீருக்கு நன்றி சொன்னேன். அவர்கள் போனதும் கணவர் எல்லாவற்றையும் தொட்டிக்குள் ஊற்றுவார். நான் அறைக்குள் போய் வாந்தி எடுப்பேன்.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு என் எடை மிகவும் இறங்கிவிட்டது. வாந்தி மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை. அப்போது வைத்தியர், விருப்பமென்றால் எங்கள் மருத்துவமனையிலேயே அக்குபங்சர் தருகிறோம் என்றார். நான் ஆரணியின் முகத்தைப் பார்த்தேன். புற்றுநோய் மருந்து இருக்கும் இடத்தில் சீன ஊசி எதற்கு என்று கேட்கச் சொன்னேன். வைத்தியர் சிரிக்காமல் பதில் சொன்னார். அது நோயைத் தொடாது. மருந்துக்குப் பதிலாக இல்லை, மருந்தோடு சேர்த்துத்தான். சிலருக்குக் குமட்டலைக் குறைக்கிறது, சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை, பார்ப்போம் என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. வெந்தயத் தண்ணீர்க்காரிகள் யாரும் "பார்ப்போம்" என்று சொன்னதில்லை.

ஊசி வைப்பவள் பெந்தெ என்ற உயரமான பெண். உடற்பயிற்சிச் சிகிச்சையாளராக இருந்து பிறகு இதைப் படித்தவள். சிறிய அறை, ஒரு கட்டில், எந்த மணமும் இல்லை. உடையைத் தளர்த்தும் முன்பே எந்தப் பக்கம் அறுவை என்று கேட்டாள். இடது பக்கம் என்றேன். என் இடது கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்து, அதன்மேல் ஒரு துவாயைப் போர்த்தாள். அது இன்று விடுமுறையில் இருக்கிறது என்றாள். பிறகு வலது மணிக்கட்டின் மடிப்பிலிருந்து மூன்று விரல் அளந்து, உள்பக்கம் இரண்டு தசைநாண்கள் தெரியுமே, அவற்றின் நடுவே ஒரு மெல்லிய ஊசியை இறக்கினாள். மயிரை விடக் கொஞ்சம் தடிப்பான ஊசி. குத்தியது தெரியவில்லை. அவள் அதைச் சற்றுத் திருகியபோதுதான் உள்ளே கனமாக ஒரு உளைவு கிளம்பி விரல்கள் வரை போனது. அது வரவேண்டும் என்றாள். முழங்காலுக்குக் கீழேயும் இரண்டு ஊசிகள் வைத்தாள். பிறகு விளக்கைக் குறைத்துவிட்டு அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

அன்று பின்னேரம் நான் அரைக் கோப்பை கஞ்சி குடித்தேன், அது வயிற்றில் நின்றது. ஊசி செய்ததா, அல்லது அறிவுரை சொல்லாத ஒருத்தியின் பக்கத்தில் அரைமணி நேரம் படுத்தது செய்ததா, எனக்குத் தெரியாது. மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் கஞ்சி நின்றது. அதற்கு மேல் ஆராய எனக்கு அவசியம் இருக்கவில்லை.

பிறகு யூலை வந்தது. இந்த நாட்டில் யூலை மாதம் எல்லோரும் விடுமுறையில் போவார்கள். குழாய் திருத்துபவர் முதல் மந்திரி வரை போய்விடுவார்கள். பெந்தெயும் போனாள். ஓகஸ்டில் சந்திப்போம் என்று ஒரு அட்டையில் திகதி எழுதித் தந்தாள். புற்றுநோய் விடுமுறையில் போகவில்லை, கீமோவும் போகவில்லை. மூன்றாவது கீமோ முடிந்த ஐந்தாம் நாள் நான் தண்ணீரையும் வாந்தி எடுத்தேன்.

கணவரோடு வேலை செய்யும் ஒருவர், ஸ்டோவ்னரில் ஒரு தமிழர் ஊசி வைக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். பெயர் சிவபாலன். கொழும்பில் முறையாகப் படித்துச் சான்றிதழ் வைத்திருப்பவர், இங்கே பகலில் கடிதம் தரம் பிரிக்கும் வேலை, பின்னேரங்களில் வீட்டில் ஊசி. போனால் என்ன என்று கணவர் கேட்டார். ஆரணிக்குத் தெரியாது. அவள் கடை ஒன்றில் கோடை வேலைக்குப் போயிருந்தாள். போகலாம் என்று சொன்னவள் நான். நாற்பது நிமிடம் குமட்டாமல் இருக்க அந்த நாளில் நான் எதையும் செய்திருப்பேன்.

சிவபாலன் அண்ணைக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வீடு துப்புரவாக இருந்தது. எங்களை உட்காரவைத்துவிட்டுக் கையை முழங்கை வரை கழுவினார். உறை பிரிக்காத புது ஊசிகளை என் கண்முன்னால் பிரித்தார். ஊசியில் ஒரு குற்றமும் இல்லை, இதை நான் எங்கேயும் சொல்வேன். என்ன செய்யுது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே கணவர், கஸ்ரிக், ஓயாத சத்தி, ஒரே வாந்தி என்றார். அண்ணை என் தலைத் துணியை ஒருதரம் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். வலது கையைக் கேட்டார், கொடுத்தேன். பெந்தெ வைத்த அதே இடத்தில்தான் வைத்தார், அதே உளைவு வந்தது. எனக்கு ஒரு நம்பிக்கையும் வந்தது. பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தார். இரண்டு கையிலும் வைத்தால்தான் பிடிக்கும் என்றார்.

"மற்றக் கையைத் தாங்கோ தங்கச்சி."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியும். தாதி சொன்னபோது அவரும் பக்கத்தில் நின்றவர்தான். அந்தக் கை வேண்டாம் என்று நான் சொல்லலாம். ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் கக்கம், கக்கம் என்றால் மார்பு, மார்பு என்றால் அந்தச் சொல். முன்பின் தெரியாத ஒரு தமிழ் ஆணுக்கு முன்னால், என் மார்பு ஒன்றை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று சொல்வதை விட, கையைக் கொடுத்துவிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. சட்டைக் கையை மேலே தள்ளி இடது கையை நீட்டினேன்.

இரண்டு நாள் சுகமாக இருந்தேன், சோறு தின்றேன். கணவருக்கு முகம் மலர்ந்தது. மூன்றாம் நாள் மணிக்கட்டில் ஊசி வைத்த இடத்தில் ஒரு குத்தூசித் தலையளவு சிவப்பு தெரிந்தது. மத்தியானம் அது உள்ளங்கையளவு ஆனது. பின்னேரம் முழங்கை வரை சிவந்து, கை சுட்டது, மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. காய்ச்சல் முப்பத்தெட்டுப் பாகையைத் தாண்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வா என்று கீமோ நோயாளிகளுக்கு அட்டை தந்திருப்பார்கள். வெள்ளை அணுக்கள் இல்லாத நாட்களில் சாதாரணக் கிருமியும் ஆளைக் கொன்றுவிடும் என்பதால் அந்தக் கட்டளை. எனக்கு முப்பத்தொன்பதரை இருந்தது.

தனி அறையில் போட்டார்கள். உள்ளே வருகிறவர்கள் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான் வந்தார்கள். இளம் பெண் வைத்தியர் ஒருவர், ஒரு நீலப் பேனாவை எடுத்து, என் கையில் சிவப்பு முடியும் இடத்தைச் சுற்றிக் கோடு கீறினார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும், தாண்டாவிட்டால் மருந்து வேலை செய்கிறது என்றார். பிறகு இந்தக் கையில் ஏதாவது காயம் பட்டதா என்று கேட்டார்.

ஆரணி வேலைச் சீருடையோடு ஓடி வந்திருந்தாள். அவள் எனக்கு மொழிபெயர்க்கும் முன்பே கணவர் தமிழில் பதில் சொன்னார்.

"ரோசாமுள்ளுக் குத்தினது எண்டு சொல்லு பிள்ளை. பலகணியிலை."

எங்கள் பலகணியில் ரோசா இல்லை, மின்னடுப்புத்தான் இருக்கிறது. ஆரணிக்கும் அது தெரியும். பிறகு சொன்னதை மொழிபெயர்த்தாள், வளர்த்த விதம் அப்படி. வைத்தியர் உடனே நிமிர்ந்தார். மண் பட்டதா, எந்த நாள், முள் உள்ளே முறிந்ததா என்று கேள்விகள் வந்தன. மண்ணில் வேறு கிருமிகள் இருக்கும், அப்படியானால் மருந்து வேறு, கையைக் கீறி முள்ளைத் தேடவும் வேண்டும் என்றார். இல்லாத முள்ளைத் தேடி என் கையை வெட்டப் போகிறார்கள். கணவர் அதற்கும் ஒரு பதில் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது கீமோவில் வராத ஒரு குமட்டல் எனக்கு வந்தது. அந்த மனிதரில் மட்டுமில்லை. இத்தனை மாதமாக நானும் அந்த முகத்தோடுதான் இருந்திருக்கிறேன்.

என் சமையலறை நொர்வேஜிய மொழியில் நானே சொன்னேன். ஊசி, அக்குபங்சர், தமிழ் ஆள், இந்தக் கை. இலக்கணம் ஒன்றும் இல்லை, ஆனால் வைத்தியருக்கு விளங்கியது. அவர் எழுதிக்கொண்டார். முள்ளைத் தேடும் கதை முடிந்தது. இந்தக் கையில் ஊசி வைக்கக் கூடாது என்று உனக்குச் சொல்லவில்லையா என்று மெதுவாகக் கேட்டார். சொன்னார்கள் என்றேன்.

வைத்தியர் போனதும் ஆரணி முகக் கவசத்துக்கு மேலால் எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"எனக்காண்டி எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. நான் ஒருநாளும் கேக்கேல்லை."

முதல் நாள் சிவப்பு கோட்டைத் தாண்டியது. தாதிகள் மணிக்கொருதரம் வந்து பார்த்தார்கள். இரண்டாவது கோடு கீறினார்கள். அதையும் தாண்டியபோது தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். எனக்குப் பயம் வந்தது. புற்றுநோய் என்று கேட்டபோதுகூட இவ்வளவு பயம் வரவில்லை. புற்றுநோயில் செத்தால் விதி என்று சொல்லலாம். இது விதி இல்லை. நான் நீட்டிய கை. மூன்றாம் நாள் விடிய, சிவப்பு கோட்டிலிருந்து ஒரு விரல் பின்வாங்கியிருந்தது. தாதி தன் கட்டைவிரலை வைத்து அளந்து காட்டினாள். கணவர் அறையின் மூலையில் நின்று, கவசம் நனைய அழுதார். நான் அவரைத் தேற்றவில்லை.

கிருமி போனது, வீக்கம் போகவில்லை. கணுக்கள் இல்லாததால் கையில் ஊறிய நீருக்குத் திரும்பிப் போக வழியில்லை, இனி அது இப்படித்தான் என்றார்கள். என் இடது கை வலது கையின் ஒன்றரை மடங்கு. விடியப் படுக்கையிலிருந்து எழும்ப முன் இறுக்கமான ஒரு உறையை மாட்ட வேண்டும். முதியோர் இல்லத்துப் பெரிய பானைகளை இனி என்னால் தூக்க முடியாது. அந்த வேலை போனது.

வெள்ளை அணுக்கள் ஏறியதும் என்னைச் சாதாரண அறைக்கு மாற்றினார்கள். அங்கேதான் சிவபாலன் அண்ணை வந்தார். கணவர் அவருக்குத் தகவல் சொல்லியிருந்தார், எந்தப் பெயரில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கையில் ஒரு பை தோடம்பழம். என் கையைக் கண்டதும் அந்தப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். உட்காரச் சொன்னேன். பையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் நாளே தனக்கு விளங்கியது என்றார். தலையில் மட்டுமில்லை, எனக்குப் புருவத்திலும் மயிர் இல்லை, கஸ்ரிக்குக்குப் புருவம் கொட்டாது என்றார்.

அக்குபங்சர் படித்தவர், அந்தக் கையில் வைக்கக் கூடாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"தெரிஞ்சும் ஏன் அண்ணை குத்தினியள்?"

"எந்தப் பக்கம் எண்டு கேக்க வாய் வரேல்லை தங்கச்சி. ஒரு பொம்பிளைப்பிள்ளையிட்டை அதை எப்பிடிக் கேக்கிறது? நீங்கள் கையை நீட்டினியள். அப்ப இந்தப் பக்கம் இல்லையாக்கும் எண்டு நினைச்சன்."

நான் என் மானத்தைக் காக்கக் கையை நீட்டினேன். அவரும் என் மானத்தைக் காத்து, அந்தக் கையையே பதிலாக எடுத்துக்கொண்டார். அன்று மூன்று பேர் இருந்த அறையில் மூன்று பேருக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. எவ்வளவு நாகரிகமான ஆட்கள் நாங்கள். எனக்கு வாயில் நீர் ஊறியது. அட்டைக் கிண்ணத்தை எடுத்து வாந்தி எடுத்தேன். சிவபாலன் அண்ணை தண்ணீர் வார்த்துத் தந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, இடது மார்பு, முழுதாக எடுத்துவிட்டார்கள், மார்புப் புற்றுநோய் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். ஒரு தமிழ் ஆளுக்கு நான் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. பக்கத்தில் இருந்த கணவர் எழும்பி, தேத்தண்ணி எடுத்துவருகிறேன் என்று வெளியே போனார்.

சிவபாலன் அண்ணை கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கஸ்ரிக் எண்டு சொல்லி என்னட்டை இப்ப இன்னும் மூண்டு பேர் வருகினம். மூண்டு பேரும் தலையிலை துணியோடைதான்."

அவர்களிடம் கேளுங்கள் என்றேன். எப்படிக் கேட்பது என்று மறுபடி கேட்டார். அப்படியானால் அவர்களின் பெயரைத் தாருங்கள், நான் கேட்கிறேன் என்றேன். அது சரியில்லை, நம்பி வருகிறவர்கள் என்றார். அவர் சொன்னதும் சரிதான். தோடம்பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மிச்சக் கீமோவும் கதிர் வீச்சும் முடிந்து இப்போது ஒரு வருடமாகிறது. ஓகஸ்டில் பெந்தெயிடம் திரும்பிப் போனேன், கஞ்சி வயிற்றில் நின்றது. ஆரணி இன்னும் படிக்கிறாள், சம்பந்தம் எதுவும் வரவில்லை, வந்தால் தானே எல்லாம் சொல்வேன் என்கிறாள். கணவர் கனடாவிலிருக்கும் தன் அக்காவுக்குத் தொலைபேசியில் இன்னும் கஸ்ரிக் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் இருந்தால் குரலைக் குறைத்துச் சொல்கிறார்.

இதை நான் எழுதுவது அந்த மூன்று பேருக்கு. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கோவிலில் என் பக்கத்திலேயே நின்றிருப்பீர்கள், எனக்கு வெந்தயத் தண்ணீர் தந்தவர்களாகவும் இருப்பீர்கள். சிவபாலன் அண்ணை நல்ல மனிதர், அவருடைய ஊசி சுத்தமானது, உங்கள் குமட்டலும் குறையலாம். ஆனால் அவர் கேட்கமாட்டார். நீங்கள் எந்தக் கையை நீட்டுகிறீர்களோ, அதையே உங்கள் பதிலாக எடுத்துக்கொள்வார். எந்தப் பக்கம் அறுவை என்று நீங்களே சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் சொல்லாமலே இருங்கள், அந்தக் கையை மட்டும் நீட்டாதீர்கள்.